கடற்றொழிலாளிக்கும் ஓய்வூதியம்

எங்கள் தீவில் ஆசிரியர் ஒருவர் 60 வயதில் ஓய்வு பெற்றால் மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. அதே தெருவில் வாழும் அவர் வயதொத்த மீனவர், வலை இழுக்கும் வலு குறைந்ததும் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்கிறார். இந்த வேறுபாடு ஏன் என்பதைப் பொருளியல் மாணவி என்ற வகையில் நான் ஆராய விரும்பினேன்.

அரச ஊழியரின் ஓய்வூதியம் திறைசேரியிலிருந்து, அதாவது வரிப்பணத்திலிருந்து வழங்கப்படுகிறது. தனியார் துறையினருக்கு 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. சம்பளத்தில் ஊழியர் 8 வீதமும் தொழில்வழங்குநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். ஆனால், பங்கு முறையில் கடலுக்குச் செல்பவருக்கு மாதச் சம்பளம் ஏது?

இக்குறையை நீக்கவே 1987இல் விவசாயிகளுக்கும் 1990இல் மீனவர்களுக்கும் ஓய்வூதியச் சட்டங்கள் இயற்றப்பட்டன. நோக்கம் நல்லது, கணக்குத்தான் பிழைத்தது. விவசாயிகள் திட்டத்தின் நிதி வற்றி, 2012 அளவில் கொடுப்பனவு தடைப்பட்டது. பின்னர் அரசின் பணத்தாலேயே அது தொடர்ந்தது. ஓய்வூதியம் பெறுவோர் பெருக, புதிதாகச் சந்தா செலுத்தும் இளையோர் குறைந்தால் எந்த நிதியும் வற்றும். 2012 குடிசன மதிப்பீட்டில் 60 வயதும் அதற்கு மேற்பட்டோரும் 12.4 வீதம், பிறப்பு குறைந்து ஆயுள் நீள்வதால் இவ்வீதம் ஏறியே செல்கிறது.

விலைவாசியும் ஓய்வூதியத்தைத் தின்றுவிடும். பொருட்களின் விலை இரட்டித்தால் 1000 ரூபாயின் பெறுமதி 500 ஆகிவிடும். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டதை நாம் மறக்கவில்லை.

ஆகவே புதிய திட்டத்துக்கு நான்கு பண்புகள் வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, மீன் படும் காலத்தில் கூடுதலாகவும் கடல் கொந்தளிக்கும் காலத்தில் குறைவாகவும் சந்தா செலுத்தும் வசதி. இரண்டாவது, விலைவாசியோடு உயரும் ஓய்வூதியம். மூன்றாவது, ஊர் மாறினாலும் தொடரும் கணக்கு. 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த நமக்கு இதன் அருமை தெரியும். நான்காவது, கருவாடு காய வைக்கும் பெண்களுக்கும் தம் பெயரிலேயே உறுப்புரிமை.

சந்தா செலுத்தவே இயலாதோர்? முதுமையில் யாசித்த யூதர் ஒருவருக்கு உமர் (ரலி) அவர்கள் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உழைத்தவரை முதுமையில் கைவிடாதிருப்பது தர்மமன்று, கடமை. அக்கடமைக்கு அரசு வரிப்பணத்திலிருந்து ஓர் அடிப்படைத் தொகையை ஒதுக்க வேண்டும்.