கல்லும் சொல்லும்: மார்பெல்லாவின் பழநகர்

முன்னுரை

ஒரு நாட்டின் வரலாற்றை ஏடுகள் மட்டுமே உரைப்பதில்லை. மதிலும் தெருவும் உரைக்கும். மக்கள் நாவில் வழங்கும் சொற்களும் உரைக்கும். அவ்வகையில் ஸ்பெயின் நாட்டின் தென்கடற்கரையில் மாலகா மாகாணத்தில் அமைந்துள்ள மார்பெல்லா என்னும் ஊரின் பழநகரை நாம் ஈண்டு ஆராய்வோம். 1954-ஆம் ஆண்டில் இளவரசர் அல்போன்ஸோ ஹோஹன்லோஹே இங்கே தங்குவிடுதி ஒன்றைத் தொடங்கியபின், செல்வர்களின் உல்லாசத் தலமாக இவ்வூர் உலகப் புகழ் பெற்றது. எனினும் கடற்கரை விடுதிகளை விட்டு நீங்கி, வெண்சுவர் வீடுகள் நெருங்கிய குறுந்தெருக்களுள் நுழைவோர்க்கு வேறொரு மார்பெல்லா புலப்படும்.

பயணியின் சான்று

இவ்வூரைக் கண்டு எழுதியோருள் நமக்கு மிகவும் நெருங்கியவர் இப்னு பதூதா ஆவார். 1340-களில் மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் விருந்தினராகத் தமிழகத்தில் தங்கியவர் அவர். அச்சுல்தானின் துணைவியாரும் இப்னு பதூதாவின் மனைவியருள் ஒருவரும் உடன்பிறந்தோர். தாயகம் மீண்ட பின்னர், ஏறத்தாழ 1350-இல், அவர் அந்தலூசியாவுக்குச் சென்றார். ரோந்தாவிலிருந்து கரடுமுரடான மலைவழியில் இறங்கி மார்பெல்லாவை அடைந்தார். உணவு வளம் மிக்க அழகிய சிற்றூர் என அதனைக் குறித்துள்ளார்.

அங்கிருந்து மாலகாவுக்குப் புறப்பட்ட குதிரை வீரர் சிலருடன் சேர்ந்து செல்ல அவர் விரும்பினார். ஆனால் அவர்கள் முந்திச் சென்றுவிட்டனர். பின்தொடர்ந்தவர் வழியில் இறந்து கிடந்த குதிரையையும், சிந்திக் கிடந்த மீன்கூடையையும் கண்டார். காவற்கோபுரத்தில் காவலன் இல்லாத வேளையில் எதிரிக் கப்பல்களிலிருந்து இறங்கியோர் அவ்வீரர்களைத் தாக்கியிருந்தனர். பன்னிருவருள் ஒருவர் கொல்லப்பட்டார், ஒருவர் தப்பினார், பதின்மர் சிறைப்பட்டனர். கூடைக்குரிய மீனவரும் உயிரிழந்தார். இறைவன் தம்மைக் காத்ததாக அப்பயணி எழுதுகின்றார். இன்று உல்லாசப் பயணியர் உலவும் கடற்கரை, அன்று இரு பேரரசுகளுக்கு இடைப்பட்ட அச்சக்கரையாக இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கற்கள் கூறுவன

பழநகரின் மிகத் தொன்மையான சின்னம் அரபியர் எழுப்பிய கோட்டை மதிலாகும். குர்துபா கலீபாக்களின் காலமாகிய பத்தாம் நூற்றாண்டினது அது. மதிலை உற்று நோக்குவோர் கற்களிடையே உரோமானியத் தூண்களின் போதிகைகள் பதிந்திருப்பதைக் காண்பர். முன்னோர் விட்டுச் சென்ற கல்லைப் பின்னோர் தம் சுவருக்கு எடுத்துக்கொண்டனர். முஸ்லிம்களின் நகரமும் வெற்றிடத்தில் தோன்றியதன்று என்பதை நாம் நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1485-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் மார்பெல்லா கத்தோலிக்க அரசர் பெர்தினாந்துவின் வசமாயிற்று. அந்நாள் புனித பெர்னபேயின் திருநாள். ஊர்த்திருவிழா இன்றும் ஜூன் மாதத்தில் அவர் பெயரால் நிகழ்கின்றது. பெரிய பள்ளிவாசல் நின்ற இடத்தில் பின்னர்த் திருவவதார அன்னை ஆலயம் எழுந்தது. நெருங்கிய தெருக்களின் நடுவே கட்டடங்களை அகற்றி ஒரு சதுக்கத்தை அமைத்தனர். அதுவே இன்று பழநகரின் இதயமாக விளங்கும் பிளாசா தெ லோஸ் நரான்ஹோஸ், அதாவது நாரத்தை மரச் சதுக்கம். அதன் ஒரு மூலையில் உள்ள சந்தியாகோ சிற்றாலயம் சதுக்கத்தின் வரிசைக்கு இணங்காமல் சாய்ந்து நிற்கின்றது. சதுக்கத்துக்கு முந்திய தெருவமைப்பை அது உணர்த்துகின்றது.

ஈண்டு மாணவர் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். வெண்சுவரையும் வளைந்த தெருவையும் கண்டவுடன் அனைத்தும் முஸ்லிம்களின் படைப்பே எனப் பெருமிதம் கொள்வது ஆய்வாகாது. சதுக்கம் காஸ்தீலியர் அமைத்தது; அதிலுள்ள மரங்களும் முஸ்லிம்கள் நட்டவை அல்ல. மதில் அவர்களுடையது; தெருப்பின்னலிலும் அவர்களது நகரின் சாயல் உண்டு. எது எவருடையது எனப் பிரித்தறிதலே வரலாற்றுணர்வின் முதற்படி.

சொற்கள் கூறுவன

மரங்கள் பிற்காலத்தவை, ஆயின் அவற்றின் பெயர் தொன்மையானது. 'நரான்ஹா' என்னும் ஸ்பானியச் சொல் அரபு 'நாரஞ்ச்' என்பதிலிருந்து பிறந்தது. அரபுக்கு அது பாரசீகத்திலிருந்தும், பாரசீகத்துக்கு வடமொழி 'நாரங்க' என்பதிலிருந்தும் சென்றது. அதன் வேர் திராவிட மொழிகளில் உள்ளது எனச் சொல்லாய்வாளர் கருதுவர். நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியில் உள்ள நாரத்தையும், மார்பெல்லாச் சதுக்கத்தின் பெயரும் ஒரு குடும்பத்தன எனலாம்.

சதுக்கத்தின் நகரமன்றம் 1568-இல் கட்டப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டாகிய 1567-இல் மன்னர் இரண்டாம் பிலிப்பு, கிரனாடா நாட்டில் அரபு மொழியைப் பேசுவதையும் எழுதுவதையும் தடை செய்து ஆணையிட்டார். ஆனால் ஸ்பெயினின் நகரமன்றத் தலைவருக்கு வழங்கும் 'அல்கால்தே' என்னும் பெயர் அரபு 'அல்-காழி' என்பதன் திரிபே! கோட்டையைக் குறிக்கும் 'அல்கசாபா', பளபளக்கும் ஓடுகளைக் குறிக்கும் 'அசுலேஹோ' ஆகியவையும் அரபு வழி வந்தவை. நல்லது நிகழ வேண்டும் என விழையும் ஸ்பானியர் 'ஓஹலா' என்பர். 'இறைவன் நாடினால்' என்னும் அரபுத் தொடரே அவ்வாறு மருவியது.

சொற்கள் எஞ்சின; பேசியோர் எஞ்சவில்லை. 1502-இல் காஸ்தீலிய ஆட்சியில் முஸ்லிம்கள் மதம் மாறவோ வெளியேறவோ பணிக்கப்பட்டனர். மாறியோரின் வழித்தோன்றல்களும் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டனர். அவ்வாறு ஸ்பெயினை நீங்கியோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். நாரத்தைப் பூவுக்கு 'அசாஆர்' என்று பெயர் தந்த மக்கள், அதன் மணம் வீசும் நாட்டில் வாழ உரிமை இழந்தனர்.

முடிவுரை

1981-ஆம் ஆண்டில் மார்பெல்லாவில், பழநகருக்கு வெளியே, மன்னர் அப்துல் அஸீஸ் பெயரால் ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. பாங்கோசை அவ்வூரில் மீண்டது. பழநகரிலோ உரோமானியர் கல்லும், அரபியர் மதிலும், காஸ்தீலியர் சதுக்கமும் அருகருகே நிற்கின்றன. அவற்றை வெற்றிக்களிப்போடு நோக்குவோரும் உளர். இழப்பின் ஏக்கத்தோடு நோக்குவோரும் உளர். மொழி பயிலும் நமக்கு மூன்றாவது பார்வை ஒன்று தேவை. உண்மையைக் கூட்டாமலும் குறைக்காமலும் உரைத்தலே அது. ஒரு மொழியைத் தடைசெய்த ஆணை இன்று ஏட்டில் மட்டுமே உள்ளது. அம்மொழி தந்த சொற்களோ மக்கள் நாவில் வாழ்கின்றன. தமிழின் சொல் வளத்தைக் காக்கப் புகும் மாணவர்க்கு மார்பெல்லா தரும் பாடம் இதுவே.