நீலக்கண் புழுவுக்கு விஷம் உண்டா?

கேள்வி: போன ஞாயிறு கிண்டி சிறுவர் பூங்காவில், வேலியோர நந்தியாவட்டைச் செடியில் விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு. முன்பக்கம் இரண்டு பெரிய நீலக் கண்கள், வாலில் கொம்பு. "பாம்புக்குட்டிம்மா!" என்று என் மகள் அலறிவிட்டாள். கொம்பால் கொட்டும் என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். உண்மையா? வீட்டில் வைத்து வளர்க்கலாமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: கொட்டாதம்மா, கடிக்கவும் கடிக்காது. அந்தக் கொம்பு வெறும் சதை. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி இலைகளைத் தின்று வளரும் விட்டில் ஒன்றின் புழு அது. ஆங்கிலத்தில் ஓலியாண்டர் ஹாக்மாத் என்பார்கள். அந்துப்பூச்சி என்றும் சொல்லலாம். ஆனால் அந்து என்றதும் நமக்கு அரிசி மூட்டைதான் நினைவுக்கு வருகிறது!

மகள் பயந்ததில் தப்பில்லை. அவளைப் போல ஒரு குருவியும் பயப்பட வேண்டும் என்பதுதான் புழுவின் கணக்கு. நீலமாகத் தெரிந்தவை கண்களே அல்ல, தோலில் உள்ள புள்ளிகள். நிஜத் தலை சின்னது. அதில் பக்கத்துக்கு ஆறாகக் கடுகிலும் சிறிய கண்கள். தொட்டால் தலையை உள்ளிழுத்துக்கொண்டு முன்னுடம்பை உப்பவைக்கும். புள்ளிகள் விரிந்து முறைக்கும்.

விஷம் புழுவிடம் இல்லை, அரளியிடம் இருக்கிறது. மனிதரின் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய அந்த இலையை இது கீரையாக மேய்கிறது. அரளியைத் தொட்டால் மகளைக் கைகழுவச் சொல்லுங்கள். முருங்கை மரத்தில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சி வேறு சங்கதி. அதன் மயிர் பட்டால் அரிக்கும். தேய்க்காமல் செல்லோடேப் ஒட்டிப் பிய்த்தெடுக்க வேண்டும்.

பூங்காவிலிருந்து எடுத்து வர வேண்டாம். அதை ஒட்டிய கிண்டி தேசியப் பூங்காவில் அனுமதியின்றி எந்த உயிரையும் எடுப்பது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறுவர் பூங்காவிலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிப்போமே. வளர்க்கத்தான் வேண்டுமென்றால் உங்கள் தெரு நந்தியாவட்டையைப் பாருங்கள். செடிக்கடியில் மிளகளவு கரும்பச்சை உருண்டைகள் சிதறிக் கிடந்தால் மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பெட்டியில் தினமும் புது இலையோடு, அடியில் காய்ந்த சருகும் போடுங்கள். புழு ஒருநாள் பழுப்பாக மாறி, தின்பதை நிறுத்திவிட்டுப் பரபரவென்று அலையும். நோய் என்று நினைத்து வீசிவிடாதீர்கள்; கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. சருகுக்குள் நூலிழுத்து அடங்கிவிடும்.

ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வெளிவருவது பட்டாம்பூச்சி அல்ல என்பதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ராணுவச் சீருடைபோலப் பச்சையும், இடையிடையே ரோஜா நிறமும் கலந்த விட்டில் அது. அந்தியில் பூவின்மேல் உட்காராமல், அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். அன்று மாலையே பெட்டியைத் திறந்துவிடுங்கள். செடி மொட்டையானதற்காக மருந்து அடிக்காதீர்கள்; நந்தியாவட்டை தானே துளிர்த்துவிடும்.