உப்பளத் தரையில் கிரேன்
(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

கட்டட வேலைக்கு வாடகைக் கிரேன் அமர்த்துவோர் முதலில் கேட்பது "எத்தனை டன்?" என்பதே. இயற்பியல் மாணவராகிய நாம் கேட்க வேண்டியது, "எத்தனை மீட்டர் தூரத்தில்?" என்பதாகும். கிரேனின் கை குறுகியிருக்கும்போதுதான் அந்த டன் கணக்குச் செல்லும். 3 டன் தூண் 8 மீட்டர் தள்ளித் தொங்கினால் திருப்புத்திறன் 24 டன்-மீட்டர். 3 மீட்டரில் 8 டன் தொங்குவதற்கு அது சமம்.

2023 ஜனவரி 22 அன்று அரக்கோணத்தை அடுத்த கீழ்வீதியில், திருவிழாவில் மாலை சாத்த நிறுத்திய கிரேன் கவிழ்ந்து உயிர்கள் பலியாயின. அது தூக்கியது சில மனிதர்களையும் மாலைகளையும்தான்.

எங்கள் மரக்காணத்திலோ தரையையும் கேட்க வேண்டும். உப்புப் பாத்தி மேலே காய்ந்திருக்கும், அடியில் சேறு. கிரேனின் ஒரு தாங்குகாலில் 12 டன் இறங்குவதாகக் கொள்வோம். 40 செ.மீ. சதுரப் பாதமாயின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 75 டன். மிக மென்மையான களிமண் தாங்குவது சுமார் 5 டன்னே! அடியில் 1.6 மீட்டர் சதுரத்திற்குக் கனத்த மரக்கட்டைகளை அடுக்கினால் 4.7 டன்னாகக் குறையும். பெரிய கிரேனே பத்திரம் என்பாரும் உளர். இங்கே அதன் சொந்த எடையே பகையாகிவிடும்.

உப்பளத்தில் உழைக்கும் என் தந்தையார் கடப்பாரையைக் குத்திப் பார்த்தே தரையின் உறுதியைச் சொல்வார். மண் பரிசோதனைக்கு முன் அதையும் செய்து பார்க்கலாம்.