மெல்ல ஓடுக

ஓட்டம் பழகப் புகுவோருட் பலர் சில நாளில் அதனைக் கைவிடுகின்றனர். காரணம் வலுவின்மையன்று, அவசரமே. நாற்பது வயதின் பின் யானும் டச்சுக் குடாக் கடற்கரையில் முதல் நாளே மாணவப் பருவத்து வேகத்தில் ஓடினேன். முன்னங்கால் நோவுற்று ஒரு திங்கள் முடங்கினேன்.

பயிற்சியால் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்தப் பழகுகின்றது. தசைகளில் நுண்குழாய்கள் பெருகுகின்றன. இவை சில கிழமைகளிலேயே தொடங்கிவிடும். எலும்பும் தசைநாணும் உறுதிபெறவோ பல திங்கள் செல்லும். ஆதலின் மூச்சு இடங்கொடுப்பினும் கால் இடங்கொடாது.

கிழமைக்கு மூன்று நாள், இடையிடையே ஓய்வு விட்டுப் பயிலுக. முதலில் 5 நிமிடம் நடந்து, பின்னர் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என 8 முறை செய்க. அஃது எளிதானபின் ஓட்டத்தைச் சிறிது நீட்டி, நடையைக் குறைக்க. அருகில் வருவோனுடன் முழு வாக்கியம் பேச இயலுவதே தக்க வேகம். 1962இல் ஒக்லாந்து நகரில் ஆதர் லிடியாட் என்னும் பயிற்றுநர் நடுவயதினரையும் இத்தகைய மெல்லோட்டத்திற் பழக்கினார்.

வெயிலேறுமுன் ஓடுக, நீர் அருந்துக. இளமணலைத் தவிர்த்து ஈரமணலைத் தேர்க. சுவாமி மலை ஏற்றம் பின்னாளைக்கு ஆகுக. மார்பு நோவோ தலைசுற்றலோ தோன்றின் உடனே நிறுத்தி வைத்தியரை நாடுக.

1970இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் 5,000, 10,000 மீற்றர் ஓட்டங்கள் இரண்டிலும் இலங்கைக்குப் பொற்பதக்கம் ஈட்டியவர் லூசியன் றோசா. அவர் வேகம் நமக்கு எய்தாது. அவரைப் போன்றோர் நாடோறும் காக்கும் ஒழுங்கு எய்தும். அவ்வொழுங்கைப் பற்றிய பின், அதே கரையில் யான் இன்று அரைமணி நேரம் நில்லாது ஓடுகின்றேன்.