டாக்டரிடம் சொல்லாமல் விட்ட மருந்துகள்

"என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டதும் பலர் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒளிக்க வேண்டும் என்றல்ல. மற்றவை மருந்துக் கணக்கில் சேராது என்று நம்புவதால்.

நம்பிக்கை: கண்ணில் விடும் சொட்டு கண்ணோடு சரி. இளைப்புக்குப் பார்க்கும் டாக்டரிடம் அதை எதற்குச் சொல்ல வேண்டும்?

உண்மை: கண்ணின் ஓரத்திலிருந்து மூக்குக்குள் ஒரு சிறு குழாய் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். சொட்டு மருந்தும் அதே வழியில் இறங்கி, மூக்கின் சவ்வு வழியே நேராக ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரையாக விழுங்கியிருந்தால் கல்லீரல் அதில் ஒரு பங்கைச் சிதைத்திருக்கும். சொட்டுக்கு அந்தத் தடையும் இல்லை. கண் அழுத்த நோய்க்குத் தரும் டிமோலால் சொட்டு, ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும், நாடித்துடிப்பையும் குறைக்கும். இது தெரியாத டாக்டர், இளைப்பு அடங்கவில்லையே என்று இன்ஹேலரின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். கண் டாக்டரிடம் ஆஸ்துமாவைச் சொல்லாமல் விட்டாலும் இதே கதைதான்.

நம்பிக்கை: அந்த நோய்க்கு அந்த டாக்டர், இந்த நோய்க்கு இந்த டாக்டர். அங்கே தரும் மருந்தை இங்கே சொல்லத் தேவையில்லை.

உண்மை: 1993இல் ஜப்பானில் அக்கிக்காகச் சொரிவுடின் என்ற புதிய மருந்து விற்பனைக்கு வந்தது. சில வாரங்களுக்குள் குறைந்தது 15 பேர் இறந்தார்கள். அக்கியால் அல்ல. புற்றுநோய்க்கு ஃப்ளூரோயுராசில் வகை மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்த மருந்தை உடலில் சிதைக்கும் நொதியைச் சொரிவுடின் முடக்கியது. புற்று மருந்து ரத்தத்தில் தேங்கி, எலும்பு மஜ்ஜையையும் குடலையும் அழித்தது. புற்றுநோய் என்பதை நோயாளியிடமே மறைப்பது அந்நாளைய ஜப்பானில் வழக்கம். தாம் விழுங்குவது எதற்கான மாத்திரை என்றே அறியாதவர், அக்கி பார்க்கும் டாக்டரிடம் என்ன சொல்வார்?

நம் வீடுகளிலும் "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று பிள்ளைகள் மறைப்பது உண்டு. மறைப்பதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. ஆனால் அப்பா வேறு எந்த டாக்டரிடம் போனாலும், பிள்ளைகளில் ஒருவர் தனியே உள்ளே போய் அந்த மருந்தின் பெயரைச் சொல்லியே தீர வேண்டும். இதில் தயக்கத்துக்கு இடமில்லை.

நம்பிக்கை: நாட்டு மருந்துக்குப் பக்க விளைவு கிடையாது. சொன்னால் டாக்டர் திட்டுவார், அவ்வளவுதான்.

உண்மை: திட்டுகிற டாக்டர்கள் இருக்கிறார்கள். எனக்கு முதல் கோபம் அவர்கள்மேல்தான். ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை வாயே திறப்பதில்லை. இருந்தாலும் சொல்லுங்கள். இருமலுக்கு நல்லதென்று அதிமதுரத்தை வாரக்கணக்கில் நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். கால் வீக்கத்துக்கும் பிரஷருக்கும் தரும், சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகள் பலவும் பொட்டாசியத்தை இறக்குபவையே. இரண்டும் சேரும்போது இதயத்துடிப்பு தாறுமாறாகலாம்.

நம்பிக்கை: வலித்தால் மட்டும் மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரை கணக்கில் வராது.

உண்மை: வரும். இதய வால்வு மாற்றியபின் ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் சாப்பிடுபவர் மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போட்டால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். பெயர் நினைவில் நிற்காவிட்டால் அட்டையையே எடுத்துப் போங்கள். பெயர் அச்சடித்த பகுதியை விட்டுவிட்டு மறுமுனையிலிருந்து மாத்திரையைப் பிரித்தால், கடைசி மாத்திரை வரை பெயர் தங்கும்.

நம்பிக்கை: ஆண்மைக்குச் சாப்பிடும் மாத்திரையை வெளியே சொல்ல முடியுமா?

உண்மை: நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்குப் போகிறவரின் நாக்கடியில் சார்பிட்ரேட் மாத்திரை வைப்பது வழக்கம். ஆண்மைக்கான மாத்திரைகளில் முந்தைய 24 மணி நேரத்துக்குள் சில்டெனாஃபில், அல்லது 48 மணி நேரத்துக்குள் டடாலாஃபில் போட்டிருந்தால், ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். தெரிந்தால் டாக்டர் சார்பிட்ரேட்டைத் தவிர்த்து வேறு வழி பார்ப்பார். மனைவியோ மகனோ அருகில் இருந்தால், "இவங்க கொஞ்சம் வெளியே இருக்கட்டும்" என்று டாக்டரிடம் கேட்கலாம்; காரணம் சொல்ல வேண்டியதில்லை.