முற்றத்துக்குக் காங்கிரீட்: எவ்வளவு போடணும், எவ்வளவு விடணும்?

இயற்கை விவசாயப் பத்திரிகையில் சிமென்ட் பற்றி ஒரு பாடமா என்று கேட்காதீர்கள். வீட்டு நடைபாதை, வண்டி நிறுத்தும் இடம், நெல் காயவைக்கும் களம் என்று காங்கிரீட் இல்லாத உழவர் வீடு இன்று குறைவு. நான் பணத்தைக் கொட்டிப் படித்த பாடம் இது.

எண்ணூரில் எங்கள் பூர்வீக வீட்டைச் சுற்றி சுமார் 1,000 சதுர அடி வெற்று மணல் இருந்தது. ஒரு கிணறு, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. 2013இல் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் செய்த முதல் காரியம், அந்த மணல் முழுவதையும் காங்கிரீட்டால் மூடியது. "செருப்புல மண்ணே ஒட்டாது" என்று பெருமைப்பட்டேன். நாலே வருஷத்தில் தளம் பாளம் பாளமாக வெடித்தது. உள்ளே இருந்த கம்பி துருவேறி மேலே வந்தது. முருங்கை பட்டது. அம்மா காலத்தில் குடித்த கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது.

தளம் ஏன் வெடித்தது? காரணம் மூன்று. ஒன்று, எங்கள் போர்த் தண்ணீரிலேயே கலவை போட்டோம். உப்பு கம்பியைத் துருவேற்றும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துக் காங்கிரீட்டைப் பிளக்கும். கம்பி போடும் கலவைக்கு, தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கம்பி இல்லாத கலவைக்கு 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 456). இரண்டு, "தண்ணி தாராளமா ஊத்துனாத்தான் சார் கலவை ஓடும்" என்று கொத்தனார் சொன்னதற்குத் தலையாட்டினேன். கூடுதல் தண்ணீர் காய்ந்து போனால் நுண்துளைதான் மிச்சம். மூன்று, இடையில் வெட்டே விடாமல் ஒரே பாளமாகப் போட்டோம். காங்கிரீட் காயும்போது சுருங்கும். நாம் கோடு போடாவிட்டால் அதுவே தனக்குக் கோடு போட்டுக்கொள்ளும்.

கிணற்றுக் கணக்கு இன்னும் பெரிது. கடலோர மணலில் மழைநீர், உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்பை அமுக்கி வைக்கும். மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி போச்சு. பக்கத்து மீஞ்சூரில் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் அளவில்லாமல் நிலத்தடி நீரை உறிஞ்சியதில், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்த கதை நமக்குத் தெரியும். சென்னையில் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். 1,000 சதுர அடியில் அது ஏறத்தாழ 1,30,000 லிட்டர். அவ்வளவு டெபாசிட்டையும் நான் தெருச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, கிணற்றில் வித்டிராயல் மட்டும் செய்துகொண்டிருந்தேன். என் ஒரு முற்றத்தால் மட்டும் கிணறு கெடவில்லை. ஆனால் தெருவில் எல்லா முற்றமும் இப்படித்தான். 2003இல் மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கினார்கள். குழாய் வைத்தோம், மண்ணை மூடினோம்.

பிறகு தளத்தை உடைத்து, தேவையான இடத்தில் மட்டும் புதிதாகப் போட்டேன். முறை இதுதான்:

1. அளவு: நடக்க 3 அடி அகலப் பாதை. வண்டிக்குச் சக்கரம் ஓடும் இடத்தில் மட்டும் 2 அடி அகலத்தில் இரண்டு பட்டை, நடுவில் புல். மீதி மண்.

2. அடித்தளம்: 8 அங்குலம் தோண்டி, தண்ணீர் விட்டு இடித்து, 4 அங்குலத்துக்கு உடைகல் பரப்பி மறுபடி இடிக்க வேண்டும். பழைய தளத்தின் உடைசலையே நான் இதற்குப் பயன்படுத்தினேன்.

3. கலவை: 1 பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு எம்-சாண்ட், 3 பங்கு ஜல்லி. கடல் மணல், கழிமுக மணல் கூடவே கூடாது. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் உப்புக் காற்றுக்கு நன்றாகத் தாங்கும். மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்கலாம். லாரித் தண்ணீர் வாங்கினாலும் நல்ல தண்ணீரே வேண்டும்.

4. கனம்: நடைபாதைக்கு 4 அங்குலம், காருக்கு 5 அங்குலம். அடித்தளம் உறுதியாக இருந்து, வெட்டும் விட்டால் கம்பி தேவையில்லை. கம்பி இல்லையென்றால் துருவும் இல்லை. 40 அடி நீள நடைபாதைக்கு எனக்கு 9 மூட்டை ஆனது.

5. வாட்டம்: அடிக்குக் கால் அங்குலம், சுவரிலிருந்து விலகி மண்ணை நோக்கி இருக்க வேண்டும்.

6. வெட்டு: 3 அடி அகலப் பாதையில் 4 அடிக்கு ஒன்று, 1 அங்குல ஆழம். மறுநாளுக்குள் போட்டுவிட வேண்டும்.

7. மேற்பரப்பு: பளபளப்புக்காக உலர் சிமென்ட் தூவித் தேய்க்க விடாதீர்கள், அது செதில் செதிலாக உரியும். தென்னந்துடைப்பத்தால் குறுக்கே ஒரு இழுப்பு போதும். மழையில் பெரியவர்கள் வழுக்க மாட்டார்கள்.

8. தண்ணீர் கட்டுதல்: மறுநாள் முதல் ஈரச் சாக்கு போட்டு, பி.பி.சி.க்குக் குறைந்தது 10 நாள். 14 நாள் என்றால் இன்னும் நல்லது. இதற்கும் நல்ல தண்ணீரே. நாற்றங்காலைக் காப்பது மாதிரி காக்கணும். 28 நாள் கழித்து வண்டி ஏற்றலாம்.

மீஞ்சூர் பக்கம் உள்ள நம் வயலில் 20 அடிக்கு 20 அடி களம் போட்டதும் இதே முறையில்தான். அங்கே வெட்டு 8 அடிக்குள் வரும்படி ஒன்பது கட்டமாகப் பிரித்தேன்.

பாதை போட்டு ஐந்து மழைக்காலம் போய்விட்டது. வெட்டுக் கோட்டைத் தவிர வேறு விரிசல் இல்லை. கிணற்று நீர் இன்னும் குடிக்கும்படி ஆகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கார்த்திகை மாதம் மேல்தண்ணீரில் கரிப்பு குறைகிறது. புதிதாக ஊன்றிய முருங்கைப் போத்து காய்க்கிறது. என் மனைவி போன வாரம் சொன்னாள்: "அப்பவே பாதி எடத்தை விட்டிருந்தா, பாதிக் காசும் மிஞ்சியிருக்கும்." உண்மைதான். கொத்தனாரைக் கூப்பிடும் முன் ஒரு குச்சி எடுத்து, கால் படும் இடத்துக்கு மட்டும் மண்ணில் கோடு போடுங்கள். மீதியை மழைக்கு விட்டுவிடுங்கள்.