பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

கொச்சி தேவராவில் இருக்கும் கேரள ஃபோக்லோர் மியூசியத்துக்கு, வேலைநாள் ஒன்றில் காலை பத்து மணிக்கு ஏழெட்டுப் பிள்ளைகளோடு இரண்டு அம்மாக்கள் வந்து நின்றால், டிக்கெட் கவுண்டர் முதல் ஆட்டோ ஸ்டாண்டு வரை ஒரே கேள்விதான்: "இன்னு ஸ்கூள் இல்லே?" லீவு இல்லை, இவர்கள் பள்ளிக்கே போவதில்லை என்று பதில் வந்தால் கேட்டவர் முகம் மாறும். சட்டம், சர்டிஃபிகேட், சிநேகிதர்கள், எதிர்காலம் என்று கேள்விகள் வரிசைகட்டும். கேட்பவர்கள் நிறையத் தவறாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். வீட்டுக்கல்வியைத் தலையில் தூக்கிவைத்து ஆடுபவர்களும் அதற்குச் சளைத்தவர்கள் இல்லை. இரண்டு தரப்பையும் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் பெற்றோரைப் பிடித்து உள்ளே போடுவார்கள்.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்யாதவர்களுக்கு என்ன தண்டனை என்று தேடினால் சட்டத்தில் எங்கும் இல்லை.

அதற்காக, "சட்டமே அனுமதித்துவிட்டது" என்று மார்தட்டவும் முடியாது. 2012இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், விரும்பி வீட்டில் படிக்கவைப்பவர்களுக்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது என்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் முதலில் பிரமாணப் பத்திரம் கொடுத்தது. சில மாதங்களிலேயே அந்த நிலையை மாற்றிக்கொண்டது. ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும். அமெரிக்காவில் 1993 முதல் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்குச் சட்ட இடம் உண்டு. நம் நாட்டில் தண்டனையும் இல்லை, அங்கீகாரமும் இல்லை.

சேர்ந்து இயங்கும் பெற்றோர் பயப்பட வேண்டியது வேறொரு பிரிவுக்கு. 18ஆவது பிரிவின்படி, அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதற்குமேலும் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை. நாலு குடும்பம் சேர்ந்து மியூசியம் போனால் அது பள்ளி ஆகாது. அதே நாலு குடும்பம் வாடகைக்கு வீடு பிடித்து, டீச்சர் வைத்து, மாதா மாதம் ஃபீஸ் வாங்கி, வாசலில் பலகையும் மாட்டினால் அது வேறு கதை.

நம்பிக்கை: வீட்டிலேயே கிடந்தால் நாலு பேரோடு பழகத் தெரியாது.

வீட்டிலேயே கிடந்தால் தெரியாதுதான். ஆனால் ஒழுங்காக நடக்கிற வீட்டுக்கல்வியில் பிள்ளை வீட்டில் கிடப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மெட்லின் 2000இலும் 2013இலும் இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பழகும் திறனில் இந்தப் பிள்ளைகள் பின்தங்கி இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இத்தகைய ஆய்வுகளில் கலந்துகொண்டவை பெரும்பாலும் தாமாக முன்வந்த குடும்பங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பிள்ளையைப் பூட்டிவைக்கிறவர்கள் ஆய்வுக்குப் பேர் கொடுக்க மாட்டார்கள்.

தேவராவிலிருந்து ஒரு குழு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வெண்டுருத்தி பாலத்தைத் தாண்டினால் துறைமுகத்துக்காகத் தூர்வாரிய மண்ணைக் கொட்டிப் பெருக்கிய வெல்லிங்டன் தீவு. அதையும் கடந்து தோப்பும்படி வழியாக மேற்கே போனால் மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும். குஜராத்தியும் கொங்கணியும் கச்சியும் தமிழும் அடுத்தடுத்த தெருக்களில் கேட்கும் ஊர். ஃபோர்ட் கொச்சியின் வேளியில் டோபி கானா இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் தமிழ் வண்ணார்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்.

அங்கே துணி காயும் கொடியைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருப்பார்கள். முறுக்கின் இடையில் துணியின் முனையைச் செருகிவிட்டால் காயல் காற்றுக்கும் அசையாது. கஞ்சியும் கரி இஸ்திரிப் பெட்டியும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பத்து வயதுப் பிள்ளை அங்கே அறுபது வயதுக்காரரிடம் தானாகப் போய், வணக்கம் சொல்லி, அவர் கை ஓயும்வரை காத்திருந்து, கேட்கத் தோன்றியதைக் கேட்க வேண்டும். ஒரே வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அறையில் இந்தப் பழக்கத்துக்கு வாய்ப்பு குறைவு. ஒன்று சொல்ல வேண்டும்: அவர்கள் பிழைப்பைப் பார்க்கிறவர்கள். வேலையை நிறுத்திவிட்டு நம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் கடமை அவர்களுக்கு இல்லை. முன்கூட்டியே கேட்டு, அனுமதித்தால் மட்டும் போக வேண்டும்.

நம்பிக்கை: ஊரைச் சுற்றிக் காட்டினால் போதும், படிப்பு தானாக வரும்.

இது வீட்டுக்கல்விக்காரர்களின் செல்ல நம்பிக்கை. எனக்கு மிகவும் எரிச்சல் தருவதும் இதுதான். காலையில் அரண்மனை, பதினோரு மணிக்கு யூதர் தெரு, மதியம் பிரியாணி, சாயங்காலம் சீனவலை முன்னால் ஃபோட்டோ என்றால் அதற்குப் பேர் டூர்.

மட்டாஞ்சேரி அரண்மனையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் டச்சு அரண்மனை என்கிறது. கட்டியவர்கள் போர்த்துகீசியர்கள், 1555 வாக்கில் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். 1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தார்கள், பேரைத் தட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே சுவரில் ராமாயணம். கட்டியவர் ஒருவர், பேர் இன்னொருவருக்கு, சுவரில் இருப்பது உள்ளூர்க் கதை. இது எப்படி நடந்தது என்று ஒரு பிள்ளையாவது கேட்கிற மாதிரி பார்க்க வைத்தால்தான் போய்வந்ததற்கு அர்த்தம்.

பக்கத்திலேயே 1568இல் கட்டிய யூதர்களின் தொழுகைக்கூடம், பரதேசி சினகாக். அதன் தரையில் பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த, கையால் நீல வண்ணம் தீட்டிய ஓடுகள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்பது அங்கே வழக்கமாகச் சொல்லப்படுவது. நல்ல குழுவாக இருந்தால் அதை நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பாது. ஆளுக்குப் பத்து ஓடு என்று பிரித்துக்கொண்டு, ஓட்டில் வரைந்த வில்லோ மரம் எந்தப் பக்கம் சாய்கிறது, பூ எத்தனை என்று பார்த்து, வெளியே வந்து ஒப்பிட்டுச் சண்டை போடும். ஒரு ஓட்டை ஐந்து நிமிடம் உற்றுப் பார்க்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்தில் 2011இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலைக்கூடம் திறந்தபோது, எந்தப் பள்ளிக்கு முதலில் இடம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். அதனால் போனவர்களையும் போகாதவர்களையும் சரிசமமாக ஒப்பிட முடிந்தது. ஏறக்குறைய 11,000 மாணவர்கள். ஓவியத்தின் முன் நிறுத்திப் பேசவைக்கப்பட்ட பிள்ளைகள் பார்த்ததை வாரங்கள் கழித்தும் நினைவு வைத்திருந்தார்கள். புதிய ஓவியம் ஒன்றைக் காட்டினால் கூடுதலாகக் கவனித்தார்கள். கிராமத்து, ஏழைப் பிள்ளைகளிடம் பலன் அதிகம். இவர்கள் எல்லோரும் பள்ளி மாணவர்கள் என்பதைக் கவனியுங்கள். களப்பயணம் வீட்டுக்கல்விக்காரர்களின் ஏகபோகச் சொத்து இல்லை.

நம்பிக்கை: சர்டிஃபிகேட் கிடைக்காது. இதற்கு எதிர்த் தரப்பின் பதில்: சர்டிஃபிகேட்டே வேண்டாம்.

முதலாவது தவறு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்ஐஓஎஸ், 14 வயது முடிந்தவர்களைப் பத்தாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறது. ஆண்டுக்கு இரண்டு பொதுத் தேர்வு, ஐந்து ஆண்டில் ஒன்பது வாய்ப்பு. நடுவில் மனம் மாறினால் பள்ளிக்குத் திரும்பவும் வழி உண்டு: 14 வயதுக்குள் வருகிற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது.

இரண்டாவதும் தவறு. பள்ளியை விட்டு வீட்டில் படித்த மும்பைப் பெண் மாளவிகா ஜோஷிக்கு 2016இல் அமெரிக்காவின் எம்ஐடியில் இடம் கிடைத்தது. எல்லோரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் கையில் சர்வதேச இன்ஃபர்மாட்டிக்ஸ் ஒலிம்பியாட் பதக்கங்கள் மூன்று இருந்தன. அப்படியும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐஐடிக்குள் நுழைய முடியவில்லை. இங்கே அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது சென்னைக் கணிதவியல் கழகம். மூன்று பதக்கம் உள்ளவருக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்கள் என்ஐஓஎஸ் ஃபாரத்தை நேரத்துக்கு நிரப்புவதே நல்லது.

நம்பிக்கை: செலவே இல்லை.

படகுக்கும் நுழைவுச்சீட்டுக்கும் ஆகிற காசு சின்னதுதான். பெரிய செலவு கணக்கில் வராது: ஒருவரின் சம்பளம். நம் வீடுகளில் அந்த ஒருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. குழு இருந்தால் அம்மாக்களும் அப்பாக்களும் முறை வைத்துக்கொள்ளலாம். குழு இல்லாமல் தனியாக நடத்துகிற வீட்டில் இரண்டாம் வருடம் பிள்ளைக்கு முன்னால் அம்மா ஓய்ந்துவிடுவார். என்னைக் கேட்டால், சேர்ந்து நடக்க இன்னும் இரண்டு குடும்பமாவது கிடைக்காதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம்.

ஆசைப்படுகிறவர்கள் உடனே போய் டிசி கேட்காதீர்கள். மூன்று குடும்பமாகச் சேர்ந்து, பள்ளி நடக்கும்போதே, மூன்று மாதம் ஞாயிறுதோறும் உங்கள் ஊரில் ஒரே பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பாருங்கள். மட்டாஞ்சேரிதான் என்றால் ஞாயிற்றுக்கிழமையே தோது: வெள்ளி அன்று அரண்மனை மியூசியம் அடைப்பு, சனி அன்று சினகாக் அடைப்பு.